தாடியும் சேலையும் சப்பாத்தும்

(வாகரையில், தொழில் நடத்துபவர்களும் வேலை தேடும் இளைஞர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வேலைத்தலத்தில் ஊழியர்களின் தோற்ற ஒழுங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரிசாகத்தான் இருக்கிறது. உள்ளே இறங்கினால் நகம், தலைமயிர், வியர்வை, சேலைத் தலைப்பு, தாடி, சப்பாத்து, இவ்வளவுதான் சாமான். ஆனால் இந்தச் சின்னச் சாமான்களுக்காக நம்முடைய மாகாணத்தில் பள்ளிக்கூட வாசலில் பதாகை பிடித்திருக்கிறார்கள். ஆசிரியைகள் இடமாற்றம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு மாணவரின் தாடிக்காக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிருக்கிறது. அதனால் பொதுவாகப் பேசாமல், நமக்குத் தெரிந்த சங்கதிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்த இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று என்பதை இந்த அவைக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 29 முதல், முகத்தை மூடும் உடை அவசரகால விதியின் கீழ் தடைசெய்யப்பட்டது. அந்த விதியை ஏற்பவரும் உண்டு, எதிர்ப்பவரும் உண்டு. எப்படியானாலும் அதற்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தது: ஆளை அடையாளம் காண வேண்டும், முகம் தெரிய வேண்டும்.

பிறகு மே 29ஆம் திகதி பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. இலக்கம் 13/2019. அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது கண்டியச் சேலையான ஓசாரி உடுத்து வர வேண்டும். ஆண்கள் நீளக் காற்சட்டையும் சேட்டும் போட வேண்டும், இல்லையென்றால் தேசிய உடை. முகம் தெரிய வேண்டும் என்ற தேவை ஒரு மாதத்துக்கு முன்னமே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எதற்குச் சேலை? அபாயா போட்டு, தலையை மூடி, முகத்தைத் திறந்து வைத்திருக்கிற ஓர் உத்தியோகத்தரை வாசலில் நிற்கிற காவலாளிக்கு அடையாளம் தெரியாதா? சேலை கட்டினால் மட்டும் தெரிந்துவிடுமா? இந்தக் கேள்விக்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை. காரணம் வேறெங்கோ இருந்தது, அது பயத்திலும் கோபத்திலும் இருந்தது.

அடி யார் மேல் விழுந்தது என்று பார்த்தால் இன்னொரு வேடிக்கை. முஸ்லிம் பெண்களைக் குறிவைத்து வந்த கதை, சுடிதார் போட்டு ஸ்கூட்டியில் வேலைக்கு வருகிற தமிழ்ப் பிள்ளையின் தலையிலும் விழுந்தது. காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற சிங்களப் பெண்ணுக்கும் விழுந்தது. வெளிக்கள வேலையாக மாங்கேணிக்கும் கட்டுமுறிவுக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிற உத்தியோகத்தர் சேலையைச் செருகிக்கொண்டு போய் வரட்டும் என்று, இந்தப் பக்கத்து ரோட்டைக் கண்ணாலே கண்டிராத ஒருவர்தான் எழுத முடியும். மனித உரிமைகள் ஆணைக்குழு இந்தச் சுற்றறிக்கைக்கு மறுப்புத் தெரிவித்தது. சில வாரங்களில் அதைத் திருத்த வேண்டி வந்தது. முகம் தெரிந்தால் சரி, சமய பண்பாட்டு வழக்கப்படி வேறு உடையும் உடுத்தலாம் என்று இறங்கி வந்தார்கள்.

இந்தக் கரையில் மட்டும்தான் இந்தப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். அதே 2019இல் தமிழ்நாட்டு அரசும் தன் அலுவலர்களுக்கு உடை ஒழுங்கு போட்டது. பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்குச் சட்டையும் காற்சட்டையும், வேட்டியும் உடுத்தலாம். டீ சேட் கூடாது. அங்கே சுடிதாருக்கு இடம் வைத்தார்கள் என்பது ஒரு ஆறுதல். தமிழ்ப் பண்பாடு என்று காரணம் சொன்னார்கள். பண்பாட்டைக் காப்பாற்றுகிற பொறுப்பு எந்த நாட்டிலும் முதலில் கிளார்க் பிள்ளைகளின் தோளில்தான் வந்து விழுகிறது.

நம்முடைய கதைக்கு மூன்று வருஷம் கழித்து ஒரு பின்னுரை வந்தது. 2022, பொருளாதாரம் விழுந்த வருஷம். பெற்றோலுக்கு வரிசை, பஸ் இல்லை, சேலை விலை கைக்கு எட்டாது. செப்டெம்பரில் அதே பொது நிர்வாக அமைச்சு, அலுவலகத்துக்குப் பொருத்தமான, வசதியான உடையில் வரலாம் என்று தளர்த்தியது. நவம்பரில் சில ஆசிரியைகள் அந்தத் தளர்வை நம்பிச் சேலை இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். கல்வி அமைச்சு உடனே, அது ஆசிரியைகளுக்குப் பொருந்தாது, நீங்கள் சேலையோ ஓசாரியோதான் என்றது. அலுவலகத்துக்குச் சரியான உடை வகுப்பறைக்கு ஏன் சரியில்லை என்று கேட்டால், மரியாதை, கலாசாரம், பிள்ளைகளுக்கு முன்மாதிரி என்றார்கள். நாள் முழுக்க நின்று படிப்பிக்கிற பெண்ணிடம் எது வசதி என்று கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இனி நமக்குள் கொஞ்சம் கசப்பான விஷயம். வெருகலைத் தாண்டிப் போனால் திருகோணமலை. அங்கே ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் 2018 ஏப்ரலில், படிப்பித்துக்கொண்டிருந்த முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தது. இந்துப் பாரம்பரியமுள்ள பள்ளிக்கூடம், ஆசிரியைகள் சேலை உடுத்துவதே வழக்கம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அந்த ஆசிரியைகள் வேறு பள்ளிக்கூடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். முறைப்பாடு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனது. அபாயாவோடு படிப்பிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஆணைக்குழு 2019இல் சொன்னது. 2022 பெப்ரவரியில் அவர்களில் ஒருவர் கடமையேற்கப் போனபோது மறுபடியும் குழப்பம், பொலிஸ், நீதிமன்றம்.

நான் தமிழன், இந்து. இந்த மேடையில் மழுப்ப விரும்பவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தன் பாரம்பரியத்தில் பற்று இருப்பது நியாயம். ஆனால் அந்த வாசலில் கூடிய யாரும், அபாயா போட்டதால் அந்த ஆசிரியையின் கணிதப் பாடமோ விஞ்ஞானப் பாடமோ எந்த இடத்தில் கெட்டது என்று கேட்கவில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் சோதனைச்சாவடி வருமுன் பொட்டை அழித்துக்கொண்ட பெண்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். நெற்றியில் இருக்கிற ஒரு பொட்டுக்காக ஒருவரைச் சந்தேகித்தால் எப்படி இருக்கும் என்று நமக்கு வேறு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியென்றால் தோற்றத்துக்கு ஒழுங்கே வேண்டாமா? வேண்டும். சில இடங்களில் கண்டிப்பாக வேண்டும், இரக்கமே இல்லாமல் வேண்டும். அந்த இடங்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பதுதான் என் குறை. தாடியைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிற முதலாளிக்கு, தன் சமையல்கட்டில் மீன் வெட்டுகிறவரின் நகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் இருப்பதில்லை.

நம்முடைய ஊர்ச் சங்கதி: நண்டு, இறால், மீன். வாவியில் பிடிக்கிற நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சதையைக் கையால் எடுக்கிற வேலை. இதில் ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? ஸ்டெஃபிலோகொக்கஸ் என்று ஒரு கிருமி. நல்ல சுகதேகியின் மூக்கிலும் தோலிலும் இருக்கும், அவருக்கு ஒன்றும் செய்யாது. விரலில் ஒரு சீழ்ப்புண் இருந்தால் அங்கே குடும்பமாகவே இருக்கும். அது அவித்த சதையில் விழுந்து, சதை வெக்கையில் சில மணித்தியாலம் கிடந்தால், பெருகி நஞ்சை விட்டுவிடும். மறுகா நீங்கள் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கிருமி சாகும், நஞ்சு போகாது. சாப்பிட்டவர் சில மணித்தியாலத்தில் வாந்தியெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடப்பார். ஆகவே நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கழற்றியிருக்க வேண்டும், விரலில் புண் என்றால் அந்த மேசையில் வேலை இல்லை, தலைமயிரை வலைக்குள் போட வேண்டும், தாடி இருந்தால் அதற்கும் வலை. கவனியுங்கள், தாடியை வழிக்கச் சொல்லவில்லை, வலை போடச் சொல்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கேட்பார் என்பதற்காகச் செய்கிற வேலையும் இல்லை இது.

இன்னும் கொடுமையான உதாரணம் ஆஸ்பத்திரியில். அமெரிக்காவில் ஒக்லஹோமா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1997-98இல் சூடோமோனாஸ் என்ற கிருமி பரவியது. 46 குழந்தைகளுக்குத் தொற்று, அவர்களில் 16 பேர் இறந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தேடிய ஆய்வாளர்கள், இரண்டு தாதியரின் கைகளைச் சந்தேகித்தார்கள். ஒருவருக்கு நீண்ட இயற்கை நகம், மற்றவருக்கு ஒட்டு நகம். நூற்றுக்கு நூறு நிரூபித்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை, பங்கு இருந்திருக்கலாம் என்றார்கள். அந்த 'இருக்கலாம்' போதுமாக இருந்தது. 2002இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம், ஆபத்தான நோயாளிகளைத் தொடுகிறவர்கள் ஒட்டு நகம் வைக்கக் கூடாது என்று வழிகாட்டியது. அதை எதிர்த்து யாரும் கலாசாரம் பேசவில்லை. காரணம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒருவரின் உடம்பின் மேல் விதி போடுகிற உரிமை சம்பளத்தோடு சேர்த்து வாங்கியது இல்லை. வேலை கேட்டால் விதி போடலாம். வேலை கேட்கவில்லை, என் கண் கேட்கிறது என்றால், கையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது என் சொந்தத் தத்துவம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2013 ஜனவரி 15ஆம் திகதி ஒரே தீர்ப்புக்குள் இரண்டு சிலுவைகளைப் பற்றிச் சொன்னது. ஒருவர் நாடியா எவெய்டா, பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் கம்பனியில் பயணிகளைப் பதிவு செய்கிற மேசையில் வேலை. சீருடைக்கு வெளியே தெரிகிற மாதிரிச் சின்னச் சிலுவைச் சங்கிலி போட்டார். கம்பனி கூடாது என்றது, 2006இல் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. மற்றவர் ஷெர்லி சப்ளின், எக்சிற்றர் ஆஸ்பத்திரியில் முதியோர் பகுதித் தாதி. அவரும் கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். ஆஸ்பத்திரி கழற்றச் சொன்னது.

எவெய்டா வென்றார், சப்ளின் தோற்றார். சிலுவை ஒன்றுதான், சமயம் ஒன்றுதான். விமானக் கம்பனி தன் பெயரும் தோற்றமும் கெட்டுவிடும் என்றது. ஆனால் அதே கம்பனி சீக்கியரின் தலைப்பாகையையும் முஸ்லிம் பெண்ணின் முக்காட்டையும் ஏற்கெனவே அனுமதித்திருந்தது, அதனால் யாரும் விமானம் ஏறாமல் திரும்பிப் போகவில்லை. அதோடு அடுத்த வருஷமே விதியை மாற்றியும் விட்டது. மாற்றக்கூடிய விதி என்றால் அவ்வளவு அவசியமான விதியில்லை என்றது நீதிமன்றம். ஆஸ்பத்திரியின் கதை வேறு. மனக்குழப்பமுள்ள ஒரு முதியவர் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் அவருக்கும் காயம், தாதிக்கும் காயம். தொங்குகிற சங்கிலி திறந்த புண்ணில் படலாம். ஆஸ்பத்திரி அவருக்கு வேறு வழியும் காட்டியிருந்தது: சிலுவையை உடுப்பில் குத்துகிற ஊசியாக அணியலாம் என்றது. அவர் ஏற்கவில்லை.

வேறு வழி காட்டியது என்றேனே, அதை நம் ஊர் மனேஜர்மார் குறித்து வைக்க வேண்டும். விதிக்கு நல்ல காரணம் இருந்தாலும், அந்தக் காரணத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஆளையும் காப்பாற்ற வழி உண்டா என்று ஒரு தடவை தேட வேண்டும். கொரோனா காலத்தில் என்95 முகக்கவசம் தாடிக்கு மேல் ஒட்டாது, காற்றுக் கசியும், எனவே வழித்தால்தான் வார்டுக்குள் வரலாம் என்ற பேச்சு வந்தது. காரணம் உண்மையான காரணம், உயிர்க் காரணம். ஆனால் இங்கிலாந்தில் சீக்கிய வைத்தியர்கள் தாடியை மடித்து, மேலே ஓர் இழுபடும் ரப்பர்ப் பட்டியைக் கட்டி, அதற்கு மேல் கவசத்தைப் போட்டு, கசிவுப் பரிசோதனையில் தேறிக் காட்டினார்கள். 'சிங் தாட்டா' என்று அதற்குப் பெயர். தாடியும் இருந்தது, கவசமும் ஒட்டியது.

நம்முடைய கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தாடி வழக்கு வந்தது. தாடி வைத்திருந்த முஸ்லிம் மருத்துவ மாணவர் ஒருவரை விரிவுரைக்கும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கும் விடவில்லை என்று அவர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார். தாடிக்காக அவரைத் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. மருத்துவத்தில் தாடி வைத்த பெரிய பெரிய சத்திரசிகிச்சை நிபுணர்கள் உலகமெங்கும் வேலை செய்கிறார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தாடிக்கும் சேர்த்து மூடுகிற தொப்பி உண்டு. ஒரு பட்டதாரி வைத்தியரை உருவாக்குகிற இடத்தில், முகமயிரைப் பற்றி இந்தளவு கவலைப்பட நேரம் எப்படிக் கிடைத்தது என்றுதான் எனக்குக் கேள்வி.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்திய விமானப்படையில் தாடி வைத்ததற்காக நீக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், நீக்கியது சரி என்றே இந்திய உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. படை என்பது ஒரே மாதிரியாக இருப்பதையே ஒழுக்கமாகக் கொள்கிற இடம் என்பது அதன் வாதம். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. இருந்தாலும் படைக்கு அப்படி ஒரு வாதம் சொல்லலாம். பாசிக்குடா ஹோட்டலுக்குச் சொல்ல முடியாது. அங்கே வெள்ளைக்காரருக்கு ஜூஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் படையணி இல்லை.

பாசிக்குடாவுக்கு வந்துவிட்டோம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அங்கே வேலை செய்தவர்கள், செய்கிறவர்கள், அல்லது பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள். புணானைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகளும் இருக்கிறீர்கள். ஹோட்டல் என்றால் தோற்றம் முக்கியம், அதை நான் மறுக்கவில்லை. விருந்தாளி காசு கொடுத்து வருகிறார், சுத்தமான, சிரித்த முகமுள்ள ஒருவரைப் பார்க்க விரும்புகிறார். ஆனால் சுத்தமாக இருப்பதும் தாடி இல்லாமல் இருப்பதும் ஒன்றென்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? ஒழுங்காக வெட்டிய தாடி அழுக்கில்லை. வழித்த முகத்தோடு வியர்த்து வழிகிற ஆள் சுத்தமும் இல்லை.

நம் ஆட்களுக்குத் தாடி வருகிற காலங்களைப் பாருங்கள். கார்த்திகை முதலாம் திகதி ஐயப்பனுக்கு மாலை போட்டால் தை பிறக்கும் வரை வழிக்க மாட்டார்கள். தகப்பன் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் வரை சவரம் செய்யாத வீடுகள் உண்டு. மாலை போட்டிருக்கிற பையனிடம் வழித்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்கிற மனேஜரை நான் கண்டிருக்கிறேன். எந்த ஹோட்டல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். இந்தக் கரையின் சீசன் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. கார்த்திகை, மார்கழி மழைக்காலம். கடல் கொந்தளித்துக் கிடக்கும், அறை பாதிக்கு மேல் காலி. யாருக்கு முன்னால் அந்தத் தாடியை வழிக்கச் சொல்கிறார்கள்? முன்மேசையில் நின்றவரைக் கொஞ்சக் காலத்துக்குப் பின்பக்க வேலைக்கு மாற்றினாலும் போதும். அதையும் அவரைக் கேட்டு மாற்ற வேண்டும், தண்டனை போல இல்லாமல்.

எல்லாருக்கும் வழிப்பது ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுருட்டை மயிர்க்காரருக்கு ஒட்ட வழித்தால் மயிர் வளைந்து தோலுக்குள்ளேயே வளரும், கொப்புளம் கிளம்பும், சீழ் வைக்கும். நாளுக்கு ஒரு தடவை சேவ் எடுக்கச் சொல்கிற விதி அவர் முகத்தைப் புண்ணாக்குகிற விதி. அதற்குப் பிறகு, முகம் புண்ணாக இருக்கிறது என்று முன்மேசையிலிருந்து எடுத்தும் விடுவார்கள்.

இனிக் காசுக் கதை. இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் எல்லா விதிக்கும் அடியில் இருப்பது இதுதான். வெள்ளைச் சேட், கறுப்பு நீளக் காற்சட்டை, கறுப்பு லெதர்ச் சப்பாத்து. எழுத ஒரு வரி. வாங்கப் போனால் முதல் மாதச் சம்பளத்தில் எவ்வளவு போகும் என்று இங்கே இருக்கிற தாய்மாரைக் கேளுங்கள். மாரி முடிந்து வெயில் ஏறினால் இந்தப் பக்கத்துக் கிணறுகள் பலதில் தண்ணி உவர்த்துவிடும், சில கிணற்றில் காவி நிறம். அந்தத் தண்ணியில் வெள்ளைச் சேட்டை இரண்டு மாதம் தோய்த்தால் மஞ்சளாகிவிடும். மறுகா மனேஜர் கேட்பார், தம்பி, சேட் என்ன அழுக்காகக் கிடக்குது? தம்பி ஒவ்வொரு நாளும் தோய்த்து, விடியச் சிரட்டைக்கரிப் பெட்டி போட்டு மடித்துத்தான் கொண்டுவருகிறான். அவன் சோம்பேறியில்லை, கிணறு அப்படி.

முதலாளிமாருக்கு நான் சொல்வது: உங்களுக்கு ஒரே மாதிரி உடை வேண்டுமென்றால் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், நீங்களே தோய்த்துக் கொடுங்கள். விருந்தாளியின் படுக்கை விரிப்பைத் தோய்க்கிற மெசினில் ஊழியரின் சேட்டும் தோயும். வாங்கிக் கொடுக்க வசதியில்லையா, அப்படியென்றால் வெள்ளை வேண்டாம், நீலம் போதும், சாம்பல் போதும். ஆண்டு முழுக்க மணலிலே நடக்கிற வேலைக்கு லெதர்ச் சப்பாத்தைக் கேட்காதீர்கள். அந்த மணலிலும் உப்பிலும் லெதர் சீக்கிரம் வெடித்துப் போகும். அதே நேரம் சமையல்கட்டில் ஈரத் தரையில் வெறுங்காலோடோ ரப்பர்ச் செருப்போடோ நிற்க விடாதீர்கள். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியோடு வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லித் தர வேண்டுமா? மணலில் நடப்பவரிடம் சப்பாத்து கேட்டு, ஈரத்தில் நிற்பவருக்குச் சப்பாத்து கொடுக்காமல் விடுவதுதான் பல இடத்தில் நடக்கிறது.

வியர்வைக்கு வருவோம். இதைச் சொல்ல எல்லாருக்கும் கூச்சம், எனக்கும். ஒரு இடத்தில் நடந்தது இது. பெயர் வேண்டாம். காலையில் வேலைக்கு முன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து நகம் பார்ப்பார்கள், சேட் பார்ப்பார்கள். புதிதாக வந்த ஒரு பிள்ளை, கதிரவெளிப் பக்கம். மேற்பார்வையாளர் அவளுக்குப் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "என்ன இது, குளிச்சிட்டு வாறயா இல்லையா?" நாலு பேர் சிரித்தார்கள். பிள்ளை அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவள் எப்படி வேலைக்கு வருகிறாள் என்று அவர் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். விடியப் புறத்தில் எழும்பி, குளித்து, சைக்கிளில் மெயின் ரோட்டுக்கு வந்து, சைக்கிளைக் கடையில் வைத்து, நெரிசல் பஸ்ஸில் நின்று வந்து, இறங்கி வெயிலில் நடந்து உள்ளே வருகிறாள். குளித்தது வீட்டில், வியர்த்தது வழியில். அந்த இடத்தில் ஊழியர் குளிக்கவோ உடுப்பு மாற்றவோ ஒரு அறை இல்லை. ஒரு வாளித் தண்ணியும் கதவுள்ள ஒரு மூலையும் இருந்தால் தீர்ந்துபோகிற பிரச்சினை அது.

இப்படியான சங்கதியைச் சொல்ல வேண்டி வந்தால் எப்படிச் சொல்வது? தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைக்குப் பெண் சொல்வது நல்லது. வயதில் மூத்த, வாயில் பூட்டுள்ள ஒருவராக இருக்க வேண்டும். "தங்கச்சி, குறை நினைக்காத, தூரத்தில இருந்து வாறாய், வந்து முகம் கைகால் கழுவி உடுப்பு மாத்திறதுக்கு உள்ளுக்கு இடம் ஒண்டு இருக்கு, காட்டுறன் வா" என்றால் போதும். விஷயம் அவளுக்கு விளங்கிவிடும். சொல்லவும் வேண்டும், சொல்லாமல் விட்டு, முதுகுக்குப் பின்னால் கதைத்து, பிறகு ஒரு நாள் வேலையைவிட்டு நிற்பாட்டுவது அதைவிடப் பெரிய பாவம். சிலருக்கு நோயால் மணம் வரும், மருந்தால் வரும். அது அவர் குளிப்பதால் தீராது. வைத்தியரைப் பார்க்க லீவு கொடுங்கள்.

இளைஞர்கள் சட்டம் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கசக்கும். நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் சுதந்திரம் தருகிறது. 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. 14ஆம் உறுப்புரை சமயத்தை வெளிப்படுத்தவும், விரும்பிய தொழிலைச் செய்யவும் உரிமை தருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம் என்பது, மீறியது அரசும் அரச நிர்வாகமும் என்றால்தான். பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், பிரதேச செயலகம், அரச ஆஸ்பத்திரி என்றால் அந்தக் கதவு திறக்கும். தனியார் ஹோட்டல் முதலாளி உங்கள் தாடிக்காக வேலை தராவிட்டால் அந்தக் கதவு திறக்காது. வேலையிலிருந்து நிற்பாட்டினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். வேலைக்கே எடுக்கவில்லை என்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இது சட்டத்தில் இருக்கிற ஓட்டை. அடைக்க வேண்டியவர்கள் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள்.

அது அடைபடும் வரை உங்கள் கையில் இருப்பது எழுத்து. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலையின் நிபந்தனைகளை ஊழியருக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. சீசனுக்கு மட்டும் எடுக்கிறோம், கடிதம் எதற்கு என்பார்கள். கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள். கடிதத்தில் உடை, தலைமயிர், தாடி, நகை பற்றி என்ன விதி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இங்கிலீசிலோ சிங்களத்திலோ இருந்தால் தமிழில் ஒரு பிரதி கேளுங்கள். மாலை போடுவேன், முக்காடு போடுவேன், நெற்றியில் திருநீறு பூசுவேன் என்று சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லி, மனேஜர் ஓம் என்றால் அந்த ஓமையும் ஒரு மெசேஜாகவாவது எழுத்தில் வாங்கி வையுங்கள். மனேஜர் மாறுவார். அடுத்து வருகிறவருக்கு அந்த மெசேஜைக் காட்டலாம்.